அடுத்த வாசலுக்குப் போகாத அச்சு

ஒரு புதுத் தொழில் ஓர் ஊருக்கு வந்து, பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்து, பிறகு பக்கத்து ஊருக்குக்கூடப் போகாமல் அற்றுப்போகுமா? போகும். என் அம்மா பிறந்த புன்னக்காயல்தான் அதற்குச் சாட்சி.

ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே போனால், தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். இன்றைக்கு அதை மீன்பிடிக்கிற ஊராகத்தான் எல்லோருக்கும் தெரியும். 1586-இல் ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ என்ற அடியார் வரலாறு, அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் புத்தகம், அங்கேதான் அச்சானது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மதுரையில் வீரப்ப நாயக்கரும் வடக்கே அக்பரும் ஆண்ட காலம் அது. ஷேக்ஸ்பியர் எழுதியதில் ஒரு வரிகூட அன்றைக்கு அச்சேறியிருக்கவில்லை. அப்படிப்பட்ட முன்தொடக்கம் நமக்கு வாய்த்தது. அதற்குப் பிறகு நெல்லைச் சீமையில் அச்சு யந்திரம் மறுபடி ஓட இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் பாளையங்கோட்டையில் கம்போசிட்டராகச் சேர்ந்து, ஈய எழுத்தில் தொடங்கிக் கம்ப்யூட்டரில் முடித்தவள். அதனால் அந்த இருநூறு வருஷ இடைவெளியை வெறும் சரித்திரச் செய்தியாக என்னால் படிக்க முடிவதில்லை. கையில் இருக்கிற ஒரு தொழில் ஒரு நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே எப்படி மடிகிறது என்பதை நான் பிழைத்த தொழிலிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பழைய கதை. போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து 1546-இல் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார், நம் கடற்கரையில் அண்டிரிக் அடிகளார் ஆனார். முத்துக்குளித்துறையிலேயே வாழ்நாளைக் கழித்தார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார், 1600-இல் காலமானார். அச்சு யந்திரம் கோவாவுக்கு 1556-லேயே வந்துவிட்டது. ஆனால் யந்திரம் இருந்தால் மட்டும் தமிழ் அச்சாகிவிடாது. தமிழ் எழுத்து வேண்டும்.

ஓர் அச்செழுத்து பிறக்கிற வழியைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். இரும்பு முனை ஒன்றில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்புக் கட்டையில் அடித்துப் பள்ளம் உண்டாக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை வார்ப்பில் பொருத்தி, ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். வார்த்த எழுத்தெல்லாம் ஒரே உயரம் நிற்க வேண்டும். ஒரு மயிர் கூடினால் தாளைக் குத்தும்; குறைந்தால் மை ஏறாது. ரோமன் எழுத்துக்குச் சில டஜன் முகங்கள் போதும். தமிழுக்கு உயிர், மெய், கொம்பு, கால், சுழி, இகர ஈகாரம், உகர ஊகாரம் என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தில் படித்து இதைச் செய்ய முடியாது. செய்கிறவன் பக்கத்தில் நின்று பார்த்து, கெடுத்து, மறுபடி செய்து பழக வேண்டிய வேலை.

அதை முதலில் செய்தவர் ஜோவா கொன்சால்வஸ் என்ற சகோதரர். 1577-இல் கோவாவில் செய்தார். மறுவருஷம் கொல்லத்தில் ஜோவா த ஃபாரியா வேறொரு வரிசை வார்த்தார். இயேசு சபையில் சேர்ந்த பெரோ லூயிஸ் என்ற உள்ளூர்ப் பிராமணர் இந்த எழுத்து வேலைக்குத் துணை நின்றார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 16 பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்து, கொல்லம் எழுத்து இரண்டையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். படியெடுத்த தாளில் நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் கண் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. செய்த தொழிலைப் பெருமையோடு ஊரறியக் காட்டிய பக்கம் அது. 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. பிறகு புன்னக்காயல். செலவுக்கு எங்கள் பரதவ மக்களே 400 குருசாடு காசு கொடுத்தார்கள். முத்துக்குளித்துச் சேர்த்த பணம்.

பணம் இருந்தது, எழுத்து இருந்தது, எழுதுகிறவர் இருந்தார், வாசிக்கிற ஊர் இருந்தது. ஆனாலும் நின்றது. ஏன்?

எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் இது. அந்த அச்சுக்கூடம் ஒரே ஒரு சபைக்குச் சொந்தம். அது போட்டது அந்தச் சபைக்கு வேண்டிய புத்தகம். வெளியிலிருந்து கூலிக்கு வேலை வாங்கிச் செய்கிற அச்சகமாக அது இருந்ததில்லை. ஆற்று வழியே மேற்கே, ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஓலைச்சுவடி எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஓலைக்குப் பனை நம் மண்ணில் நிற்கிறது, எழுத்தாணி கொல்லன் அடித்துத் தருவான். தாளோ கடல் கடந்து வர வேண்டும். புது வித்தையைப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அவனுடைய அன்றாட வேலையில் அது ஒரு கஷ்டத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் இந்த விஷயத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். புதுமை பரவ அவர் சொன்ன நிபந்தனைகளில் முக்கியமானவை: பழையதைவிட அனுகூலமாக இருக்க வேண்டும், இருக்கிற வாழ்க்கையோடு பொருந்த வேண்டும், சிறிதாகச் செய்து பார்க்க வழி இருக்க வேண்டும், பலன் அடுத்தவன் கண்ணில் பட வேண்டும். புன்னக்காயல் அச்சில் இந்த நான்கும் சபைக்குள்ளே இருந்தன. சபைக்கு வெளியே ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் ஆள். வித்தை முழுக்க இரண்டு மூன்று பேர் கையில் இருந்தது. நூறு வருஷம் கழித்து, 1679-இல், இதே இயேசு சபை மலையாளக் கரையில் அம்பழக்காட்டில் அந்தாம் தெ ப்ரோயென்சா செய்த தமிழ்–போர்ச்சுகீஸ் அகராதியை அச்சிட்டது. அதற்கு இஞ்ஞாசி ஆச்சாமணி என்பவர் மரத்தில் எழுத்து வெட்ட வேண்டியிருந்தது. ஒரே சபைக்குள்ளேயே கொல்லத்து உலோக எழுத்து பேரப்பிள்ளைகள் கைக்கு வந்து சேரவில்லை. கம்பெனி விட்டுக் கம்பெனி போகாததற்கு முன்னால், ஒரு கம்பெனிக்குள்ளேயே தலைமுறை விட்டுத் தலைமுறை போகவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாவது, கொடி மாறியது. 1658-இல் டச்சுக் கம்பெனி தூத்துக்குடியைப் பிடித்தது. பாதிரிமாரை விரட்டியது. முத்துச்சலாபமும் துணி வியாபாரமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. போர்ச்சுகீசியர் விட்டுப்போன கடற்கரையை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களுடைய அச்சைத் தொடர நினைக்கவில்லை. டச்சுக் கம்பெனி அச்சுக்கூடம் போட்டது கொழும்பில், 1730-களில். எதிர்த்தரப்பு வைத்திருந்த வித்தை என்பதே அதை ஒதுக்கப் போதுமான காரணமாக இருந்தது அந்தக் காலத்தில். இந்தக் காலத்திலும்தான்.

இதன் விலை என்ன என்று தரங்கம்பாடியில் பார்க்கலாம். 1706-இல் டென்மார்க் ராஜா அனுப்பி லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். டேனிஷ் கம்பெனியின் கோட்டைத் தலைவருக்கே அவர் வந்தது பிடிக்கவில்லை. 1708-இல் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். சீகன்பால்கு கத்தோலிக்கர் எழுதிய தமிழ்ச் சுவடிகளைத் தேடிப் படித்தார், அவர்கள் உண்டாக்கிய சொற்களை எடுத்துக்கொண்டார். ஏடு வேலி தாண்டி வந்துவிட்டது. எழுத்து வார்க்கிற கை வரவில்லை. அதனால் 1712 வாக்கில் அவருக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு யந்திரம் அனுப்பியது. கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்தை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில், தமிழ் தெரியாத கைகள் வார்த்து அனுப்பின. அவை பெரிதாக இருந்தன, தாள் கட்டுப்படியாகவில்லை. யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற தொழிலாளி பொறையாறில் உட்கார்ந்து சின்ன எழுத்து வார்த்தார். உலோகம் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து செஷையர் பாலாடைக்கட்டி வைத்து அனுப்பிய ஈயத் தகட்டை உருக்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

கொல்லத்தில் 1578-இல் முடிந்துபோன ஒரு வேலைக்கு, 130 வருஷம் கழித்து இத்தனை உயிர், இத்தனை கடல், இத்தனை பணம். இதே கடற்கரையில் தெற்கே அந்த வித்தை ஒரு காலம் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேலி தாண்டியதற்கும் ஓர் உதாரணம் அங்கேயே இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. இயேசு சபை வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லூத்தரன்காரர்களும் ஒருவரை ஒருவர் கண்டித்து எழுதியவர்கள். முனிவர் ‘வேத விளக்கம்’ எழுதியதே அவர்களை மறுத்துத்தான். ஆனால் அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் நல்ல புத்தகம் என்று கண்டு, அந்த எதிராளிகளே 1738-இல் தங்கள் அச்சகத்தில் அதை அச்சிட்டார்கள். அவருடைய ‘தேம்பாவணி’ புத்தகமாக அச்சேறியது 1850-களில். எதிராளிக்குப் பயன்பட்டது முந்திக்கொண்டது, சொந்தக்காரர் வைத்திருந்தது நூறு வருஷம் பிந்தியது.

ஆங்கிலக் கம்பெனியின் கதை வேறு மாதிரி. சூரத்தில் பீம்ஜி பாரேக் என்ற வியாபாரி தன் மக்களுடைய எழுத்தில் புத்தகம் அச்சிட ஆசைப்பட்டு, அச்சுத் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பும்படி கம்பெனியைக் கேட்டார். 1674-இல் ஹென்றி ஹில்ஸ் வந்தார். அவருக்கு யந்திரம் ஓட்டத் தெரியும், எழுத்து வெட்டத் தெரியாது. ஒரு தொழிலைத் துண்டுதுண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒருவர் வைத்திருக்கிற இடத்திலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட்டால் தொழில் வராது. இன்றைக்கும் கோயம்புத்தூரிலிருந்தோ சூரத்திலிருந்தோ ஒரு மிஷினை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, ஓட்டத் தெரிந்தவர் இல்லாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னைக்குத் தமிழ் அச்சு வந்ததே கொள்ளைப் பொருளாகத்தான். 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரர் அச்சு யந்திரத்தை எடுத்து வந்தார். வேப்பேரியில் இருந்த மிஷனரி பப்ரிசியுஸ் கையில் அது கொடுக்கப்பட்டது, கம்பெனிக்கு வேலை வரும்போது செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன் பிறகும் யார் அச்சிடலாம் என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள். 1820-இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு அச்சு யந்திரத்தையும் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரரையும் அனுப்பியது. இலங்கை ஆளுநர் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை. அவர் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அச்சகம் 1834-இல்தான் எழுந்தது. இந்தியாவில் 1835-இல் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்கால்ஃப் கொண்டுவந்த சட்டம் அச்சுக்கு முன்னனுமதி கேட்கும் முறையை எடுத்தது.

இதற்கு நடுவே, 1812-இல், ‘திருக்குறள் மூலபாட’மும் ‘நாலடியார் மூலபாட’மும் சென்னையில் அச்சாயின. சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழை திருத்திக் கொடுத்தவர் திருநெல்வேலி அம்பலவாண கவிராயர். அச்சிட்டவர் தஞ்சை ஞானப்பிரகாசன். ‘தம்பிரான் வணக்கம்’ வந்து 234 வருஷம் ஆகிவிட்டிருந்தது. நம் ஆற்றங்கரைக் கவிராயர் ஒருவர் திருத்திய பாடம், சென்னைக்குப் பயணப்பட்டு அச்சேறியிருக்கிறது.

அப்புறம் எப்படித்தான் பரவியது? ஆள் வெளியே வந்ததால் பரவியது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் தமிழாக்கத்தில் வேலை செய்தவர். அச்சும் புத்தகமும் என்ன செய்யும் என்பதை அந்த வீட்டுக்குள் இருந்து கண்டவர். வெளியே வந்தார், 1849-இல் சென்னையிலிருந்து அச்சு யந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்தில் நிறுவினார், அதே வித்தையைக் கொண்டு சைவத்துக்கு நூல் போட்டார், மிஷனை எதிர்த்து எழுதினார். மிஷனுக்கு அது நஷ்டமாக இருந்திருக்கலாம். தமிழுக்கு எவ்வளவு லாபம் என்பதைப் பழந்தமிழ் நூல்களை அச்சில் படித்த எல்லோரும் அறிவார்கள். அதே காலத்தில் மிஷன் அச்சகங்களில் பழகிய கம்போசிட்டர்கள் ஊர் ஊராகப் போய்த் தனி அச்சகங்களில் சேர்ந்தார்கள். என் தொழில் எனக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தின் பெயர் வேண்டாம். ட்ரெடில் மிஷினுக்கு மை தடவுகிற ரோலரை அங்கேயே வார்ப்பார்கள். வஜ்ஜிரம், வெல்லப்பாகு, கிளிசரின் மூன்றையும் காய்ச்சி ஊற்றுவது. ஆனி ஆடிக் காற்றில் ஒரு பக்குவம், ஐப்பசி மழையில் ஒரு பக்குவம். பக்குவம் தவறினால் வெயிலில் உருகும், மழையில் ஈரம் வாங்கி ஊதும். முதலாளி ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தாமே காய்ச்சுவார். ஃபோர்மேன் அண்ணாச்சி ஒருநாள் கேட்டேவிட்டார்: “முதலாளி, எனக்குச் சொல்லித் தந்தா நீங்க ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கலாம்லா?” முதலாளி சொன்ன பதில்: “உனக்குச் சொன்னா அடுத்த மாசம் நீ முருகன்குறிச்சில கடை போட்டிருவ.” அவர் படுத்த பிறகு எங்கள் அச்சகம் மதுரையிலிருந்து விலை கொடுத்து ரோலர் வாங்கியது. அந்தப் பக்குவம் அவரோடு போயிற்று. அண்ணாச்சி எப்படியும் முருகன்குறிச்சியில் கடை போட்டார்.

கம்ப்யூட்டர் வந்தபோது இதே கதை வேறு உடுப்பில் வந்தது. 1990-களில் தமிழ் எழுத்துரு விற்ற கம்பெனி ஒவ்வொன்றும் தனித்தனி எண்வரிசை வைத்திருந்தது. ஒருவர் ‘க’ வைத்த எண்ணில் இன்னொருவர் ‘ளு’ வைத்திருப்பார். சென்னையில் அடித்த கோப்பை இங்கே திறந்தால் புள்ளியும் கோடுமாக நிற்கும். வாடிக்கையாளர் கல்யாணப் பத்திரிகைக்கு அவசரப்படுவார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்வோம். ஒரு கம்பெனி எழுத்துருவை வாங்கிவிட்டால் பழைய வேலைகளெல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்ளும், வேறு கம்பெனிக்கு மாற முடியாது. விற்றவர்களுக்கு அது பாதுகாப்பாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. அரசு அதை முறைப்படி ஏற்று ஆணையிட்டது 2010-இல். இன்று புன்னக்காயலில் இருந்து ஒரு மீனவர் செல்போனில் தமிழில் எழுதுவதைத் துபாயில் இருக்கிற மகன் அப்படியே படிக்கிறார் என்றால், ஒவ்வொரு கம்பெனியும் தன் எண்வரிசையை விட்டுக்கொடுத்ததால்தான். விட்டுக்கொடுத்த பிறகு எழுத்துருத் தொழில் அழியவில்லை. அழகாக எழுத்து வரைகிறவர்களுக்கு முன்பைவிட வாசகர் அதிகம்.

சிவகாசியைச் சொல்லாமல் அச்சைப் பற்றி யாரும் முடிக்க முடியாது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு இருவரும் தனித்தனியாக நடத்தினார்கள்: ஒன்று அணில், ஒன்று காக்கா. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; அதனால் அச்சு வந்தது; லேபிள் அச்சிட்டவரிடம் பழகியவர் காலண்டர் போட்டார். ஓர் ஊர் முழுக்க ஒருவர் வாசலிலிருந்து அடுத்தவர் வாசலுக்குத் தொழில் நடந்து போயிருக்கிறது. போட்டி கடுமை, குழந்தைத் தொழிலாளர், விபத்து என்று அந்த ஊர் செலுத்திய கணக்கும் பெரிது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் தொழில் பரவியதா என்ற கேள்விக்கு மட்டும் பதில்: பரவியது.

இன்றைக்கோ, தொழில் அப்படி அடுத்த வாசலுக்குப் போகாமலிருக்க, நம் வட்டாரத்தில் சின்ன ஐடி கம்பெனிகள், உப்பு ஆலைகள், மீன் பதப்படுத்தும் இடங்கள், ஆஃப்செட் அச்சகங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். வேலையை விட்டால் இத்தனை வருஷத்துக்கு இதே தொழிலைச் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. பயந்துபோய் என்னிடம் வந்து காட்டிய பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1872-இலேயே இப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று சட்டம் எழுதியது. சிலிக்கான் பள்ளத்தாக்கு அங்கே உண்டானதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வேலையாள் எதிர்வீட்டுக் கம்பெனிக்குச் சுதந்திரமாக நடந்து போனார், கூடவே அவர் பழகிய வித்தையும் போனது. நம் நாட்டிலும் அதே 1872-இல் எழுதிய இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதன் 27-ஆம் பிரிவின்படி, ஒருவரை அவருக்குத் தெரிந்த தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. முதலாளியின் ரகசியக் கணக்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அது வேறு. கையில் பழகிய தொழில் உங்களுடையது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அஞ்சி வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், ஒரு வக்கீலிடம் அந்த 27-ஆம் பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட பிறகு கடையைத் திறங்கள்.